நெருக்கினால் இடது காலை இழுத்துக்கொள்கிறான்

டெல்பர்ட் நோவாக்கோடு சாப்பிடப் போவதைப் போன்ற தர்மசங்கடம் வேறு கிடையாது. அவர் மெனுவைப் பார்க்க மாட்டார். பரிமாறுகிற பெண்ணின் முகத்தையும் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே உணவகத்துக்குள் நுழைகிற நேரத்தில், அந்தப் பெண் இரண்டு கையிலும் ஆறு தட்டுகளோடு திரும்புவாள். டெல்பர்ட் மேஜைக்கு அடியில் குனிந்துவிடுவார்.

"பாத்தியா நடீன்? இவ்வளவு அவசரத்துலயும் ரெண்டு காலும் தோள் அகலத்துல நிக்குது. இவ தட்டக் கீழ போடவே மாட்டா."

அதற்குள் அவள் மேனேஜரைக் கூப்பிட்டிருப்பாள். எழுந்து போய் விளக்கம் சொல்வது என் வேலை.

தன் மகள் கல்யாணத்திலும் இதையேதான் செய்தார். பாதிரியார் முன்னால் நின்ற மாப்பிள்ளை குதிகாலில் சாய்ந்து நின்றானாம். "தாங்க மாட்டான்" என்று மனைவி மார்லிஸ் காதில் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வருடமாகிறது, மூன்று பிள்ளைகள். டெல்பர்ட் இன்னும் "பாப்போம், பாப்போம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்கௌட். கல்லூரிகளில் ஆடுகிற பையன்களைப் போய்ப் பார்த்து, இவன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவானா மாட்டானா என்று எழுதுகிறவர். அணியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் கடந்த பத்து வருட ஆட்டத்தை நினைத்து நீங்கள் சிரிப்பீர்கள். ஒஹாயோ, இந்தியானா, மிச்சிகன், அயோவா நான்கும் டெல்பர்ட்டின் வட்டாரம். முப்பத்தொரு வருடமாக அந்தச் சோளக்காட்டுச் சாலைகளில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு கார் ஓட்டுகிறார். நான் அலுவலகத்தில் வீடியோ வெட்டுகிறவள். பதினாலு வருடமாக.

நான்கு மாநிலத்து ஆட்டக்காரர்களையும் பார்த்தாலும், அவருக்குக் குவார்ட்டர்பேக் என்றால் தனி வெறி. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நாலெட்டுப் பின்னால் போய், யாருக்கு எறியலாம் என்று தேடுகிறவன். அவனை நசுக்க எதிரணியிலிருந்து நாலைந்து பேர் ஓடிவருவார்கள், ஒவ்வொருவனும் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு. தடுப்பதற்கு அவன் முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள், அவர்களும் குளிர்சாதனப் பெட்டிகள்தான். இரண்டரை வினாடிதான் கணக்கு. அதற்குள் எறிந்தாக வேண்டும்.

"சும்மா நிக்கும்போது என் மாமியார்கூட நல்லா எறிவாங்க. நெருக்கும்போது கால் என்ன பண்ணுதுன்னு பாரு. கை நடிக்கும், மூஞ்சி நடிக்கும், கால் நடிக்காது" என்பது டெல்பர்ட்டின் சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்துக்காக அவர் ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பீட்சா டப்பாவின் மூடி. அதன் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு சன்னல் வெட்டியிருப்பார். அதைத் திரைமேல் சாய்த்து வைத்து, எறிகிறவனின் இரண்டு கால் மட்டும் தெரிகிற மாதிரி பார்ப்பார். பந்து எங்கே போனது, பிடித்தானா விட்டானா, எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு மயங்கிவிடுமாம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அட்டைக்கு ஓய்வு கொடுத்தார். "இறுக்கமா வெட்டு நடீன். காலைத் தவிர வேற எதுவும் உள்ள வரக் கூடாது" என்பார். நானும் இறுக்கமாக வெட்டிக் கொடுத்தேன்.

ஆட்டக்காரனோடு பேசவும் மாட்டார். கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் வேலியோரம் நிற்பார், பையன்கள் வணக்கம் சொன்னால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். "பேசினா புடிச்சுப்போயிரும். புடிச்சுப்போனா கால் தெரியாது." டிசம்பரில் தன் தீர்ப்பை எழுதிக் கொடுத்துவிடுவார். அதை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மாற்றியதில்லை. அந்தப் பெருமையில் மனிதருக்குக் கழுத்தே கொஞ்சம் நீளமாகியிருந்தது.

மற்ற அணிகளின் ஸ்கௌட்டுகளும் அதே மோட்டலில்தான் தங்குவார்கள், காலையில் அதே இயந்திரத்தில்தான் வாஃபிள் சுட்டுத் தின்பார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் டெல்பர்ட் ஒரு பையன் பெயரைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினால் போதும், மத்தியானத்துக்குள் நான்கு மாநிலத்திலும் அவன் மதிப்பு இறங்கிவிடும்.

போன டிசம்பரில் அப்படி இறங்கியவன் எம்மெட் சோரல். இந்தியானாவில் ஒரு சின்னக் கல்லூரியின் குவார்ட்டர்பேக். நல்ல கை, நல்ல உயரம். ஆனால் நெருக்கம் வந்தால் அவனுடைய இடது கால் குறியை நோக்கி முன்னால் போகாமல் பக்கவாட்டில் விலகும். வலது கையால் எறிகிறவனுக்கு இடது கால்தான் வழிகாட்டி. அது விலகினால் இடுப்பு குறியை விட்டுத் திரும்பிவிடும், பந்து பிடிக்கிறவன் தலைக்கு மேலே போகும். டெல்பர்ட் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், எழுதினார்: 'நெருக்கினால் இடது காலை இழுத்துக்கொள்கிறான். பயம். எடுக்க வேண்டாம்.' எங்கள் கூட்ட அறைச் சுவரில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் பெயர் அட்டைகளில், சோரலின் அட்டை தரையைத் தொடுகிற கடைசி வரிசைக்குப் போனது.

மார்ச்சில் அந்தக் கல்லூரி தன் பையன்களை எல்லா அணிகளுக்கும் காட்டுகிற நாள் வந்தது. நான் கேமராவோடு டெல்பர்ட்டின் காரில் போனேன். எங்கள் பொது மேலாளர் கார்ல்டன் ப்ரூயிட் விமானத்தில் வந்து இறங்கினார். அவர் வயதும் என் வயதும் ஒன்று, சம்பளம்தான் வேறு.

இந்தக் காட்சி நாளில் கவசம் கிடையாது, மோதல் கிடையாது, எல்லோரும் அரைக்கால் சட்டையில்தான் ஆடுவார்கள். நெருக்கம் எப்படிக் கொடுப்பது? இரண்டு பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்பேக்கைத் துரத்துவார்கள். சிரிக்காதீர்கள், எங்கள் தொழிலில் இது கௌரவமான முறை. துடைப்பம் முகத்துக்கு நேரே வரும், சோரல் ஒரு எட்டு நகர்ந்து எறிவான். வலப்பக்கம் ஒரு துடைப்பம், இடப்பக்கம் ஒரு துடைப்பம். ஐம்பத்தெட்டு பந்து எறிந்தான், கால் ஒரு தடவைகூட விலகவில்லை.

கார்ல்டன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. "என்ன பெரியவரே, கால் எப்படி?" என்றார்.

"துடைப்பத்தால விலா எலும்பு ஒடஞ்ச ஆள் யாராச்சும் உண்டா?" என்றார் டெல்பர்ட்.

"உங்க தீர்ப்புல மாத்தம் உண்டா?"

"ஏன், சட்ட எனக்குச் சரியா இருக்குமான்னு பாக்கணுமா?"

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்சி நாளைப் பார்த்து மனசு மாறி மதிப்பைக் கூட்டுகிற ஸ்கௌட்டை, அரைக்கால் சட்டைக்கு மயங்கியவன் என்று எங்கள் அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பத்தொன்பது வருடம் முன்னால் டெல்பர்ட், தள்ளுபடிக் கடையில், இரண்டு பேர் நுழைகிற அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு அரைக்கால் சட்டை வாங்கி வந்தார். மயங்கிய ஸ்கௌட் ஏப்ரல் கூட்டத்தில் அன்று முழுவதும் அதைப் பேண்ட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இதுவரை ஏழு பேர் போட்டிருக்கிறார்கள். ஏழு பேரின் படமும் டெல்பர்ட் மேஜைக்கு மேல் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு எல்லாம் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்வார்.

ஆட்டம் முடிந்து எல்லோரையும் கல்லூரி கேன்டீனில் சாப்பிடச் சொன்னார்கள். பன்றிக் கட்லெட் வைத்த சாண்ட்விச், கட்லெட் ரொட்டியை விட இரண்டு மடங்கு பெரிது. டெல்பர்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். வரிசையில் ஹாங்க் பீட்டர்மன் நின்றான். சோரலுக்கு முன்னால் இடப்பக்கம் காவல் நிற்கிறவன், நூற்று நாற்பத்தைந்து கிலோ, நல்ல பையன். அவனுக்குப் பின்னால் சோரல், கையில் தட்டு, தட்டில் ஒரு கோப்பைப் பால்.

பழம் வைத்துச் சுட்ட பை வகைகளின் பெயர் எழுதிய பலகையைப் படிக்க ஹாங்க் ஒரு எட்டு பின்னால் வந்தான். சோரல் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான், குனிந்து பார்க்கக்கூட இல்லை. அவன் இடது கால் மட்டும் தானாகப் பக்கவாட்டில் விலகியது. பால் சிந்தியது.

டெல்பர்ட் சாண்ட்விச்சைக் கடித்தவர் கடித்தபடியே நின்றார். கடுகுச் சாந்து கன்னத்தில் வழிந்தது.

"நடீன்," என்றார் வாய் நிறைய. "அத இன்னொரு தடவ பாக்கணும்."

"இது கேன்டீன், டெல்பர்ட். ரிவைண்ட் பட்டன் இல்ல."

அவர் கேட்பவரா? நேராக ஹாங்க்கிடம் போனார். "தம்பி, எனக்குக் கண்ணு சரியில்ல. பலகையில கடைசி வரில என்ன பை போட்டிருக்கு?" ஹாங்க் மரியாதையான பையன். இன்னொரு எட்டு பின்னால் வந்து படித்தான். "செர்ரி சார்." சோரலின் இடது கால் விலகியது. "அதுக்கு மேல?" இன்னொரு எட்டு. "பீச் சார்." மறுபடி விலகியது. மூன்றாவது கேள்விக்கு ஹாங்க்கே பரிதாபப்பட்டு, "சார், நான் உங்களுக்கு மூணுலயும் ஒண்ணு வாங்கித் தரவா?" என்றான்.

பிறகு டெல்பர்ட் சோரலைக் குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு குவார்ட்டர்பேக்கிடம் இந்த மனிதர் வாயைத் திறக்கப்போகிறார், அதை விட்டுவிட்டு நான் பை சாப்பிடுவேனா?

"தம்பி, ஒன் இடது காலுக்கு என்ன ஆச்சு?"

சோரல் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே சார்."

"நான் டாக்டர் இல்ல. ஆனா காலப் பத்தி என்கிட்ட பொய் சொல்லாத."

சோரல் பால் சிந்திய தட்டை ஓரமாக வைத்தான்.

"போன ஆகஸ்ட் பயிற்சில சார். ஹாங்க்கத் தள்ளிட்டே வந்தாங்க, அவன் பின்னால வந்து மிதிச்சிட்டான். கட்டவெரல் ரெண்டாப் போச்சு. டிரெய்னர்கிட்ட கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அவன் அழுதான் சார். நான் அழல, அவன் அழுதான். மூணு நாள் சாப்பிடல. ஹாங்க் மூணு நாள் சாப்பிடலன்னா பாத்துக்கோங்க. சொன்னா அவன ஆட்டத்துல எறக்காம உக்கார வெச்சிருப்பாங்க. செருப்பு சைஸ் பதினெட்டு சார் அவனுக்கு, அவன் என்ன பண்ணுவான்?"

"அதுலேருந்துதான் கால இழுக்கிறியா?"

"இழுக்கிறேனா?" என்றான் சோரல். "எப்ப சார்?"

திரும்பி வருகிற நான்கு மணி நேரமும் டெல்பர்ட் ஒரு விதைகூடக் கொறிக்கவில்லை. வழியில் மார்லிஸ் கூப்பிட்டாள். கார் ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது.

"என்ன டெல்பர்ட், கொரல் ஒரு மாதிரி இருக்கு? யாரையாச்சும் பாராட்டித் தொலச்சிட்டியா?"

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் போலருக்கு மார்லிஸ்."

 "நடீன், கார ஓரங்கட்டச் சொல்லு. நீ ஓட்டும்மா. இந்த மனுஷனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள்.

மறுநாளே சோரலின் ஆட்டங்களை எல்லாம் அகலமாகத் திறந்து போட்டேன். மைதானம் முழுக்க, இருபத்திரண்டு பேரும் தெரிகிற மாதிரி. பீட்சா அட்டையும் இல்லை, என் இறுக்கமான வெட்டும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினோம். சோரலை நெருக்கிய தடவைகள் எண்பத்து மூன்று. கால் விலகியது முப்பத்து நான்கு. அந்த முப்பத்து நான்கில் முப்பத்திரண்டில், ஹாங்க்கின் பதினெட்டு சைஸ் காலணி அவனுக்கு ஒரு கஜத்துக்குள் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஹாங்க் காய்ச்சலில் படுத்த இரண்டு ஆட்டங்களில் சோரலை இருபத்தொரு தடவை நெருக்கினார்கள், இரண்டு தடவை முகத்திலேயே இடித்தார்கள். கால் அசையவில்லை. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது.

பயந்தவன் இல்லை. எதிரிக்குக் கொஞ்சமும் பயப்படாதவன், நண்பனுக்கு மட்டும் வழி விட்டிருக்கிறான்.

"நான் இறுக்கமா வெட்டச் சொன்னேன்," என்றார் டெல்பர்ட்.

"நானும் வெட்டினேன்," என்றேன். வெட்டும்போது நான் முழுப் படத்தையும்தான் பார்த்தேன். ஹாங்க்கின் கால் என் கண்ணில் பட்டிருக்கும். வீடியோக்காரர்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்ற அலுவலக வழக்கத்துக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

டெல்பர்ட் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். "இப்ப சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சொன்னேன்னா, டிசம்பர் தீர்ப்ப மாத்தாத ஆளுன்னு எனக்கு இருக்கிற ஒரே பேரும் போயிரும் நடீன்."

"நீங்க சொல்லலன்னா கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்."

"வீடியோக்காரங்க கூட்டத்துல பேசக் கூடாது."

"அதனாலதான் உங்களச் சொல்லச் சொல்றேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏப்ரல் கூட்டம் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று எனக்கே தெரியாது.

கூட்டத்தன்று காலை எல்லோரும் காபியோடு உட்கார்ந்த பிறகு கதவு திறந்தது. டெல்பர்ட் உள்ளே வந்தார், பேண்ட்டுக்கு மேல் ஆரஞ்சு நிற அரைக்கால் சட்டையோடு. இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.  அந்த அறை சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்து ஒரு பெயர் அட்டை கழன்று விழுந்தது. முன்னால் சட்டை போட்ட ஏழு பேரில் அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

"பெரியவரே, யாருக்காக இந்தக் கோலம்?" என்றார் கார்ல்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சோரல்," என்றார் டெல்பர்ட். "நான் எழுதினது தப்பு. படத்தப் போடு நடீன்."

போட்டேன். முப்பத்திரண்டு தடவையும் ஹாங்க்கின் காலணி பின்னால் வந்தது. பத்தாவது தடவையிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் கார்ல்டன் தானே எழுந்து போய், தரையோரம் கிடந்த சோரலின் அட்டையை எடுத்து நாலாவது சுற்றில் ஒட்டினார். அணிகள் ஏழு சுற்றாகப் பையன்களை எடுக்கும், அதில் நாலாவது சுற்று என்றால் எங்கள் கணக்கில் நம்பிக்கை. டெல்பர்ட் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

கார்ல்டன் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "இதே வரிய இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு எழுதியிருக்கீங்க?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஞாபகம் இல்ல," என்றார் டெல்பர்ட். இந்த மனிதருக்கு இருபது வருடம் முன்னால் டொலீடோவில் காபி ஊற்றியவள் எந்தக் காலில் நின்றாள் என்பது ஞாபகம் இருக்கும். நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவர் இடது கால் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது.

அணிகள் முறை வைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற நாட்கள் வந்தன. நாலாவது சுற்று சனிக்கிழமை மத்தியானம். எங்கள் முறைக்கு முன்னால் ஆறு அணிகள் இருந்தன. ஒன்று போனது, இரண்டு போனது. நாலாவதாக, மேற்குக் கடற்கரை அணி ஒன்று மேடையேறிப் பெயரைப் படித்தது: எம்மெட் சோரல்.

அறையே உச்சுக்கொட்டியது. டெல்பர்ட் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். தனியாக. நன்றாக ஓங்கி.

"நீங்க யாருகிட்டய்யா வேல பாக்கிறீங்க?" என்று கத்தினார் கார்ல்டன். "நம்ம ஆளக் கொத்திட்டுப் போறான், இவரு கை தட்றாரு!"

"மன்னிச்சுக்க கார்ல்டன்," என்றார் டெல்பர்ட். கை மட்டும் நிற்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்து, மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். பென்சிலால் எழுதிய ஒன்பது பெயர்கள், ஆண்டு, கல்லூரி. சோரலுக்கு முன்னால் அந்த வரியை யார் யாருக்கு எழுதினாரோ அவர்கள் எல்லோரும். ஞாபகம் இல்லை என்று சொன்னவர்.

"அகலமாப் போடு," என்றார்.

பழைய படங்களைத் தேடி எடுக்கவே ஒரு வாரம் ஆனது. இரண்டு பேருடையது கிடைக்கவே இல்லை. அந்த இருவரைப் பற்றி இனி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு பேர் நிஜமாகவே பயந்தவர்கள். யாரும் மிதிக்கவில்லை, யாரும் பின்னால் வரவில்லை, காற்றைப் பார்த்தே காலை இழுத்தார்கள். ஒவ்வொருவன் முடிந்ததும் டெல்பர்ட் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். ஆறாவது பையனில் மறுபடி சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தார். பழைய திமிர் திரும்பிவிட்டது என்று எனக்குக்கூடச் சந்தோஷம்.

ஒன்பதாவது பெயர் லைல் டோர்மன், அயோவா, பதிமூன்று வருடம் முன்னால். அவன் படத்தை அப்போது இறுக்கமாக வெட்டியவளும் நான்தான். முதல் ஆட்டத்தில் நெருக்கினார்கள், கால் விலகியது. அடுத்த ஆட்டம் வெளியூர், நெருக்கினார்கள், விலகவில்லை. மறுபடி சொந்த மைதானம், விலகியது. டெல்பர்ட் கொறிப்பதை நிறுத்தினார்.

"எங்க நிக்கிறான் பாரு," என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடம். சொந்த மைதானத்தில் வடக்குப் பக்கம், இருபது கஜக் கோட்டுக்குப் பக்கத்தில். அங்கே புல் நிறம் மாறி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே அமுங்கியிருந்தது. அகலமாகப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

டெல்பர்ட் விதைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். லைலை எந்த அணியும் எடுக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் கணினியில் தேடினேன். அதே ஊரில் டயர் கடை வைத்திருக்கிறான். எண்ணைச் சொன்னதும் டெல்பர்ட் என் மேஜை போனிலேயே அழுத்தினார். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"டோர்மன் டயர்ஸ். என்ன வண்டி சார்?" பின்னால் காற்றடிக்கிற இயந்திரம் இரைந்தது.

"வண்டி இல்லப்பா. என் பேரு டெல்பர்ட் நோவாக். நீ காலேஜ்ல ஆடினப்ப ஒன்னப் பாக்க வந்த ஸ்கௌட்டு. நெருக்கினா இடது கால இழுத்துக்கிறான், பயம்னு எழுதினவன் நான்தான்."

இயந்திரம் நின்றது. யாரோ அணைத்திருக்க வேண்டும்.

"அது நீங்கதானா?" என்றான் லைல். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஒரு சாவி கிடைத்தவன் மாதிரி கேட்டான்.

"இப்பதான் முழுசாப் பாத்தேன். வடக்குப் பக்கம், இருபது கஜக் கோட்டுக்கிட்ட..."

"பள்ளம். தண்ணிக் கொழாய் ஒடஞ்சு மண்ணு உள்ள போன எடம். ரெண்டு தடவ கணுக்கால் பெசகிருச்சு. அதுக்கப்புறம் அத மிதிக்காம எறியப் பழகிக்கிட்டேன்."

"இத யார்கிட்டயாவது சொன்னியாப்பா?"

"நானாப் போய்ச் சொன்னா சாக்குச் சொல்றான்னு சொல்லுவீங்களே சார்." அவன் லேசாகச் சிரித்தான். "மூணு நாள் வேலியோரமா கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க. நெனப்பிருக்கு. தெனமும் அந்தப் பக்கமாவே சுத்தி வந்து உங்களுக்குக் குட்மார்னிங் சொன்னேன். ஏன் இழுக்கிறேன்னு கேப்பீங்கன்னு."